சித்ரகூடத்துக் கல்லும் என் பழைய ஆடிட் ரிப்போர்ட்டும்

ஊரிலிருந்து மாமா பையன் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருந்தான். "உலகின் ஆதி விலங்கு இந்தியாவில்! வெள்ளைக்காரன் மறைத்த உண்மை!" என்று தலைப்பு. கூடவே ஒரு குகைச் சுவரில் இலை மாதிரி வரிவரியாக ஏதோ ஒட்டியிருக்கும் படம். குடும்பக் குழுவில் பத்துப் பேர் கை கூப்பியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. ஏனென்றால் படத்தில் இருப்பது தேன்கூடு.

விலங்குமில்லை, ஆதியுமில்லை. அதை மறைத்தது இருக்கட்டும், "இதோ விலங்கு" என்று முதலில் அறிவித்ததே ஒரு வெள்ளைக்காரர் தலைமையிலான குழுதான் :-)

கல்லைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன். ஆனால் அரியலூர்ப் பக்கத்துக்காரன். சிமெண்ட் ஆலைக்காகத் தோண்டிய சுண்ணாம்புக் குழிகளில் சுருள்சுருளாக நத்தைக் கல் பொறுக்கி விளையாடியவன். சாத்தனூர் கல்மரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது, அதை 1940-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன் என்று வாத்தியார் சொன்னது நினைவிருக்கிறது. அவர்தான் பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர். அந்த நிறுவனத்தின் தலைமையகம் நான் இப்போது குப்பை கொட்டும் இதே கல்கத்தாவில் இருக்கிறது. டாலிகஞ்சில் மெட்ரோ பிடித்தால் அரை மணி நேரத்தில் அதன் வாசலில் இறங்கிவிடலாம். உள்ளே விடுவார்களா என்பது வேறு விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கீழ் வீட்டில் இருக்கும் மேஷோமொஷாய் கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். (வங்காளத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர்களை இப்படி ஏதாவது உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "சார்" என்றால் முகம் வாடிவிடும்.) மழை பிடித்து, மின்சாரம் போய், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் சாயங்காலங்களில் அவரோடு டீயும் முறியும்தான் பொழுதுபோக்கு. அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பாபா, இந்த விந்தியக் கல் இருக்கிறதே, அது எல்லோரையும் ஏமாற்றும். எங்கள் ஜாதவ்பூர்க்காரர்களையே ஏமாற்றியது" என்றார். அன்று ஆரம்பித்த பேச்சு மூன்று வாரம் ஓடியது. கடைசியில் எங்கள் இருவருக்கும் சண்டையும் வந்தது. அந்தச் சண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கதை. விலங்கு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஃபாசில்கள், அதாவது புதைபடிவங்கள், சுமார் 54 கோடி வருஷத்துக்கு முன்னால் தொடங்கும் கேம்ப்ரியன் காலத்தில்தான் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அதற்குச் சில கோடி வருஷம் முன்னால் எடியாக்கரன் என்ற காலத்தில் மெத்தென்ற, ஓடில்லாத சில ஜீவன்கள். அதற்கும் முன்னால் விலங்கு இருந்ததா என்பதில்தான் அடிதடி. இருந்திருந்தால் எலும்பும் ஓடும் இல்லாத, கண்ணுக்கே தெரியாத பொடிசுகளாக இருந்திருக்கும். அதனால் நுண்ணோக்கியில் தெரிகிற ஒவ்வொரு உருண்டைக்கும் குழாய்க்கும் வழக்கு நடக்கிறது.

1998 அந்த வழக்குகளின் பொற்காலம். பிப்ரவரியில் சீனாவின் குய்சோ மாகாணத்திலிருந்து, கிட்டத்தட்ட 60 கோடி வருஷத்துக் கல்லில், செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும் கருமுட்டைகள் கிடைத்ததாக நேச்சர் இதழில் வந்தது. (2007-ல் ஒரு கூட்டம் அவை பெரிய சைஸ் பாக்டீரியா என்றது. 2011-ல் இன்னொரு கூட்டம் இரண்டுமில்லை, ஒருசெல் உயிரி என்றது. இன்னும் தீர்ப்பு வரவில்லை.) அக்டோபரில் குண்டு நம் பக்கம் விழுந்தது. ஜெர்மானிய ஜாம்பவான் அடோல்ஃப் சைலாக்கர், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பிரதீப் போஸ், ஃப்ளூகர் மூவரும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்: மத்தியப் பிரதேசத்தில் சோர்ஹட் மணற்கல்லில் புழு மாதிரி ஒன்று நெளிந்து போன தடங்கள் இருக்கின்றன, கல்லுக்கு வயது 100 கோடிக்கும் மேல். அதாவது விலங்கின் வரலாறு ஒரே தாவலில் இரண்டு மடங்கு நீள்கிறது.

அதே சமயத்தில் டேராடூன் வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் ஜமால் அஸ்மி, பெங்களூரிலிருந்து வரும் இந்திய நிலவியல் சங்க இதழில் இன்னொரு கட்டுரை போட்டார். அதே சோன் பள்ளத்தாக்கு, அதே கீழ் விந்தியம், சோர்ஹட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ரோதாஸ் சுண்ணாம்புக்கல். அதில் கேம்ப்ரியன் காலத்துக் குட்டி ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்றார். அவர் சொல்வது சரியென்றால் அந்தக் கல்லின் வயது வெறும் 54 கோடி. அப்போது சைலாக்கரின் புழுவில் எந்த அதிசயமும் இல்லை. அது பாட்டுக்குப் போக வேண்டிய காலத்தில் போன புழு.

கவனியுங்கள், ஒரே மலையில் எடுத்த இரண்டு கண்டுபிடிப்பு, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. ஒன்று சரியென்றால் மற்றது காலி. இரண்டும் தப்பாக இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது.

அஸ்மிக்குத்தான் சோதனை. பிறர் மறுபடி போய்த் தேடியபோது அந்த ஓடுகள் கிடைக்கவில்லை. அது ஃபாசிலே இல்லை, கனிமக் கோலம் என்றார்கள். வேறு இடத்துக் கல் கலந்துவிட்டது என்றார்கள். ஆளின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானது. காலமும் அப்படி. 1989-ல்தான் ஆஸ்திரேலியரான ஜான் டேலண்ட், இமயமலை ஃபாசில்கள் என்று ஓர் இந்தியப் பேராசிரியர் இருபது வருஷத்துக்கும் மேலாக எழுதிக் குவித்தவற்றில் பல உலகின் வேறு மூலைகளிலிருந்து வந்தவை என்று நேச்சரில் போட்டு உடைத்திருந்தார். மொராக்கோவில் காசுக்குக் கிடைக்கிற சமாச்சாரமெல்லாம் இமயமலையில் கிடைத்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகு "எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை" என்று எந்த இந்தியர் சொன்னாலும் உலகம் புருவத்தை உயர்த்தியது. சூடுபட்ட பூனை.

2002-ல் வயது முடிவானது. விந்தியக் கடல் அடியில் மணல் படிந்துகொண்டிருந்த காலத்தில் எங்கோ எரிமலை வெடித்துச் சாம்பலும் விழுந்திருக்கிறது. சாம்பலில் சிர்க்கான் என்று பொடிப் படிகம் உண்டு. உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை உள்ளே விடாது. பிறகு யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகும். இன்றைக்கு உள்ளே இருக்கும் ஈயத்தையும் மிச்ச யுரேனியத்தையும் அளந்தால் படிகத்தின் பிறந்த தேதி. எங்கள் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பு பூஜ்யம், வட்டி விகிதம் தெரியும், இன்றைய பாக்கி தெரியும், எத்தனை வருஷம் என்பதுதான் கேள்வி. சோர்ஹட் மணற்கல்லுக்குக் கீழே இருந்த சாம்பல் 162.8 கோடி வருஷம், மேலே இருந்தது 159.9 கோடி. நடுவில் மாட்டிக்கொண்ட மணற்கல் வேறெங்கே ஓட முடியும்? ஜோதிரஞ்சன் ராய் குழுவினர் தனியாகச் செய்து பார்த்ததிலும் 163.1 கோடி வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. முதல் தேதியைச் சொன்ன பிர்கர் ராஸ்முசன் குழுவின் கட்டுரையில் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். அதே பிரதீப் போஸ், கூடவே ஜாதவ்பூரின் சுபிர் சர்க்கார், சந்தனு பானர்ஜி. 100 கோடி வருஷப் புழுவையே உலகம் நம்பவில்லை, 160 கோடி என்றால் யார் நம்புவார்? வயது கூடக்கூட அந்தத் தடம் விலங்குடையது என்ற வாதம் மெலியத்தான் செய்யும். தெரிந்தும் தேதியைத் தேடும் வேலையில் சேர்ந்தார். இன்றைக்கு அந்தத் தடங்களை விலங்கு போன பாதை என்று ஏற்பவர்கள் அநேகமாக இல்லை. பாசிப் படலமும் மணலும் சுருங்கி வெடித்ததில் வந்த கோலம் என்பது பலரின் கணிப்பு.

கல்லின் வயது 160 கோடி என்று ஆகிவிட்டது. அப்படியானால் அஸ்மி காட்டிய கேம்ப்ரியன் ஓடுகள்? "பார்த்தாயா, பொய்" என்று ஃபைலை மூடுவதுதான் சுலபம். பலர் மனசில் மூடியும்விட்டார்கள்.

மூடாதவர் ஸ்டாக்ஹோமில் இருந்தார். சுவீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீஃபன் பெங்ட்சன். கேம்ப்ரியன் குட்டி ஓடுகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருடைய குழு விந்தியத்தின் வடக்கு ஓரத்தில், அஸ்மி பிற்பாடு ஃபாசில் காட்டிய சித்ரகூடப் பகுதியிலேயே புதிதாகக் கல் எடுத்தது. மந்தாகினி ஆற்றங்கரை, சீதை நீராடியதாக யாத்ரீகர்கள் கும்பிடும் ஜானகிகுண்டம் பக்கம். இந்த மாதிரி பாஸ்பேட் கற்களில் வேலை எப்படி என்றால், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கிற அதே அமிலத்தில், நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். சுண்ணாம்பு கரைந்து போகும். அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, தூரிகை நுனியால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான், ஆனால் இங்கே கல்லில் அரிசி.

கிடைத்தது! வளையம் வளையமாகக் குழாய், உருண்டைகள், இழைகள். எல்லாம் அஸ்மி சொன்ன சாயலில். அந்தப் பாஸ்பேட் கல்லையே நேரடியாக வயது பார்த்தார்கள், 165 கோடி, கூடக்குறைய 9 கோடி. 2009-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பின் சாரம்: விந்தியத்தின் சர்ச்சைக்குரிய 'கேம்ப்ரியன்' ஃபாசில்கள் நிஜம்தான், ஆனால் நூறு கோடி வருஷத்துக்கும் மேல் பழையவை. கருமுட்டை மாதிரி இருந்த உருண்டைகள் மட்டும் ஃபாசில் இல்லை. பாசியின் வழவழப்பில் மாட்டிய வாயுக் குமிழிகள். 160 கோடி வருஷத்து சோப்புக் குமிழி. அதுவும் ஒரு அழகுதான்.

2017-ல் அடுத்த கட்டம். சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிரில் வைத்துத் துகளை உடைக்காமலே உள்ளே பார்த்தார்கள். தலைமுடி கனமே இருக்கும் இழைகளுக்குள் செல் செல்லாகத் தடுப்பு, ஒவ்வொரு செல் நடுவிலும் ஒரு தட்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகத்தின் பகுதி அது என்றும், இவை சிவப்புப் பாசிகள் என்றும் கட்டுரை வாதிட்டது. அதுவரை தெரிந்த பழைய சிவப்புப் பாசியை விட 40 கோடி வருஷம் மூத்தது. சிவப்புப் பாசிதானா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 2024-ல் வட சீனத்தில் 163 கோடி வருஷத்துக் கல்லிலிருந்தும் பலசெல் இழைகள் வந்த பிறகு, அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஜீவன்களே இருந்திருக்க முடியாது என்று சொல்வது கஷ்டம்.

அந்தப் பாசிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ஒன்று ராமர் பெயரில், ராமதாலஸ். இன்னொன்று ரஃபத்அஸ்மியா சித்ரகூடென்சிஸ். ஆமாம், அவர் பெயரேதான். சித்ரகூடத்துக் கல்லுக்குள் ராமரும் ரஃபத்தும் பக்கத்துப் பக்கத்தில். (மூன்றாவதன் பின்பெயர் மெண்டாக்ஸ். லத்தீனில் பொய்யன் என்று அர்த்தம். நிபுணர்களுக்கும் கிண்டல் உண்டு.)

இங்கேதான் சண்டை. மேஷோமொஷாய் சொன்னார்: "பெயர் வைத்தது பெருந்தன்மை. ஆனால் அஸ்மி சொன்னது தப்பு. விலங்கு என்றார், பாசி. 54 கோடி என்றார், 160 கோடி. சிர்க்கான் வயது வந்த பிறகும் 2008 வரை விடாமல் கட்டுரை எழுதினார். இதற்குப் பெயர் பிடிவாதம்."

அதில் பொய் ஒன்றுமில்லை. கடிகாரம் தெளிவாக மணி சொன்ன பிறகும் சேவல் கூவவில்லை என்று வாதாடுவது ஆராய்ச்சிக்கு நல்லதல்ல. ஆனால் நான் கேட்டது வேறு. அவர் தப்பாகச் சொன்னதற்காகவா அவரைச் சந்தேகித்தார்கள்? சைலாக்கரும் போஸும்கூடத் தப்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் நேர்மையை யாரும் தொடவில்லை. சோர்ஹட் பாறையை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து, "தடம் இருக்கிறது, புழுவுடையதில்லை" என்று சொல்ல முடிந்தது. அஸ்மியின் விஷயத்தில் பொருளே பிறர் கைக்குக் கிடைக்கவில்லை. "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்பது மெல்ல மெல்ல "அப்படி ஒன்று இல்லை" என்று ஆனது.

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல.

பதினைந்து வருஷம் இருக்கும். வேறொரு ஊரில், ஒரு கம்பெனியில் சரக்கு இருப்பு தணிக்கை. கணக்கில் நாற்பது பீப்பாய் ரசாயனம், கிடங்கில் காணோம். ஸ்டோர்கீப்பர் "இருக்கு சார், இந்த வருஷம் வந்த சரக்கு, எங்கேயோ மாத்தி வச்சிருக்காங்க" என்றார். ஐம்பது வயசு, கை நடுங்கியது. நடுக்கத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். "எங்களால் சரிபார்க்க இயலவில்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "சரக்கு இருப்பில் இல்லை" என்று எழுதினேன். அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். நான்கு மாசம் கழித்துப் பின்பக்க வாடகை ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நாற்பதும் கிடைத்தன. இந்த வருஷச் சரக்கு இல்லை, மூன்று வருஷப் பழசு. அவர் பதிவேட்டில் தேதி தப்பு. பொருள் நிஜம். அவர் திரும்பி வேலைக்கு வரவில்லை.

இதைச் சொன்னபோது மேஷோமொஷாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அதற்கு என்ன செய்யணும் என்கிறாய்?" என்றார்.

பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்த கல்லில் பாதியை, எங்கே, எந்த அடுக்கில் என்ற குறிப்போடு, எல்லோரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொது இடத்தில் வைக்கணும். சந்தேகப்படுகிறவர் தனியாகப் போகக்கூடாது, சொன்னவரையே கூட்டிக்கொண்டு போகணும், இருவரும் ஒரே சுத்தியலால் ஒரே இடத்தில் உடைக்கணும். அப்படியும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதணும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. அரிய கண்டுபிடிப்பு என்று பத்திரிகையில் நான்கு காலம் போட்டவர்கள், தப்பு என்று தெரிந்ததும் மூலையில் ஒரு காலமாவது போடணும். இதெல்லாம் நடந்திருந்தால் ஒரு மனிதருடைய பத்துப் பதினோரு வருஷம் இப்படிப் போயிருக்காது.

தேன்கூட்டுக் கதையைப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் முடிந்தது. போபால் பக்கம் பீம்பேட்கா குகையில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்து கிரெகரி ரிடாலக் குழு பார்த்துவிட்டு, எடியாக்கரன் காலத்து டிக்கின்சோனியா என்று எழுதியது. 2021-ல் பத்திரிகை எல்லாம் அதுதான். பாரம்பரியச் சின்னம் என்பதால் சுரண்டிப் பார்க்க முடியாது, பார்வையும் புகைப்படமும்தான் ஆதாரம். பிறகு புளோரிடாவின் ஜோசப் மீர்ட் குழு நேரில் போனது. 'ஃபாசில்' உரிந்து விழ ஆரம்பித்திருந்தது. பாறையில் கூடு கட்டிய தேனீக்கள் விட்டுப்போன மெழுகுப் பிசுக்கு. 2023-ல் எழுதினார்கள். ரிடாலக் தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். யாரும் அவரை மோசடிக்காரர் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அதே மரியாதை டேராடூன்காரருக்கும் கிடைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

மேஷோமொஷாய் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "நீ கணக்குக்காரன், உனக்குக் குற்ற உணர்ச்சி" என்கிறார். இருக்கலாம். மழை விட்டதும் ஒரு நாள் ஜாதுகருக்கு, அதாவது சௌரங்கி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் ஃபாசில் கூடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாமா பையனுக்கு இவ்வளவையும் சுருக்கி ஆறு வரியில் அனுப்பினேன். தேன்கூடு, புழு இல்லை, ஓடு இல்லை, பாசி, 160 கோடி வருஷம். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"அப்போ அந்தப் பாசியாவது நம்மளுதுதானே அத்தான்?"